கொக்குவில் வீட்டில் ஒரு பானைக் கூழ்!

உங்கள் வீட்டில், ஒரே ஓர் ஆளுக்காகச் செய்யவே முடியாத சாப்பாடு என்று ஏதாவது இருக்கிறதா? தோசை ஒன்று போதும் என்றால் ஒன்றே ஒன்று வார்த்துக்கொள்ளலாம். ரசம் ஒரு டம்ளர் வைத்துவிடலாம். பிரியாணியைக்கூட இப்போது சின்ன குக்கரில் ஒற்றை ஆளுக்குச் செய்கிறார்கள். யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ் மட்டும் அந்தக் கணக்கில் வராது. அதில் விழும் சாமான்களை ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்தாலே பானை பாதி நிறைந்துவிடும். காய்ச்சிய அன்றே சூடாகக் குடித்து முடிக்கவும் வேண்டும். அதனால் குடிக்க ஆள் இருந்தால்தான் அடுப்பு மூட்டுவார்கள்.

அந்தக் கூழைக் குடிக்கத்தான் சென்ற செப்டம்பரில் யாழ்ப்பாணம் போய்வந்தோம். நானும், 74 வயது அம்மாவும். மூட்டுவலியோடு அம்மா எதற்கு விமானம் ஏறினார் என்பதைச் சொல்ல, முதலில் திருச்சிக்குப் போக வேண்டும்.

மொட்டைமாடியில் காய்ந்த கிழங்கு

1988 ஆரம்பத்தில், திருச்சியில் எங்கள் வீட்டு மாடிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. கணவன், மனைவி, ஒரு மகன், ஒரு மகள். மகள் என் வகுப்பு. எங்கள் பக்கத்தில் 'அத்தை' என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் அவள் என் அம்மாவை 'மாமி' என்று கூப்பிட, நானும் அவள் அம்மாவை 'மாமி' என்றே கூப்பிட ஆரம்பித்தேன். அம்மாவுக்கு அவர் 'அக்கா'. அவருக்கு என் அம்மா 'தங்கச்சி'.

தை பிறந்தால் காந்தி மார்க்கெட்டில் பனங்கிழங்கு வந்து குவியும். நாங்கள் மஞ்சள், உப்புப் போட்டு அவித்து, நாரை உரித்துத் தின்பதோடு சரி. மாமி கட்டுக்கட்டாக வாங்கிவந்து, தோல் நீக்கி, பச்சையாகவே இரண்டாகப் பிளந்து மொட்டைமாடியில் காயப்போடுவார். "இதுதான் ஒடியல். அவிச்சுக் காயவிட்டா அது புழுக்கொடியல்" என்று எனக்குப் பாடம் நடத்துவார். கல் மாதிரிக் காய்ந்ததும் இடித்து, சலித்து, டின்னில் அடைத்துவைப்பார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து கூழ் வாசனை இறங்கும். "திருச்சியில கடல் இல்லை, என்ன நண்டு இது" என்று மார்க்கெட்டைத் திட்டிக்கொண்டேதான் காய்ச்சுவார். எட்டுப் பேரும் மாடி வராந்தாவில் வட்டமாக உட்கார்ந்து, எவர்சில்வர் டம்ளரில் குடிப்போம். உறைப்பில் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டும். அப்பாதான் முதல் ஆளாக இரண்டாவது டம்ளர் கேட்பார்.

1991 மே 21-க்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட செய்தி வந்த நாளிலிருந்து தெருவில் எல்லோரும் எங்கள் மாடியை நிமிர்ந்து பார்த்தார்கள். வீட்டுக்கு விசாரணைக்கு ஆள் வந்தது. அப்பா அரசாங்க ஊழியர், பயந்த சுபாவம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாடியேறிப் போனவர், ஐந்தே நிமிடத்தில் இறங்கி வந்தார். இரண்டு வாரத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டதாக அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. அதற்கு முன்பே மாமி எல்லாம் வாங்கி வைத்திருக்க வேண்டும். வழக்கம்போலக் கூழ் வாசனை வந்தது. நாங்கள் யாரும் மேலே போகவில்லை. மதியம் என் தோழி ஒரு தூக்குவாளியைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனாள். அந்தக் கூழை நாங்கள் யாரும் குடிக்கவில்லை. இருட்டிய பிறகு அம்மா அதைக் கொல்லைப்புற முருங்கை மரத்தடியில் கொண்டுபோய்க் கொட்டினார். எனக்கு அப்போது 12 வயது.

அப்பா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. தோழியை முகநூலில் கண்டுபிடித்தேன். கனடாவில், டொரன்டோ பக்கம் ஸ்காபரோவில் இருக்கிறாள். மாமி கொக்குவிலில் தனியாக இருக்கிறார் என்று தெரிந்ததும் அம்மா, "ஒரு தடவை அவங்களைப் பார்த்துடணும்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

பலாலி வீதியில்

"நல்லூர் முடிய வாங்கோ" என்று தொலைபேசியில் மாமி சொல்லியிருந்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் பல சைவ வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. அசைவத்துக்கு அங்கே அதுதான் பேச்சு. மீன் இல்லாமல் கூழ் ஏது?

சென்னையிலிருந்து பலாலிக்குச் சின்ன விமானம். ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. திருச்சிக்கு பஸ்ஸில் போக ஆகும் நேரத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லை என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "இவ்வளவு பக்கத்துலயா இருந்தாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

விமான நிலையத்தைத் தாண்டியதும் செம்மண். கையில் எடுத்தால் குங்குமம் மாதிரி ஒட்டும் மண். புன்னாலைக்கட்டுவன், உரும்பிராய், கோண்டாவில் என்று ஊர்ப் பெயர்களை அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார். வாழைத் தோட்டம், வெங்காயம், இடையிடையே ஓங்கி நிற்கும் பனை. 'திருநெல்வேலி' என்ற பலகையைப் பார்த்ததும் திடுக்கிட்டுவிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயர் அது. கொக்குவில் அதற்குப் பக்கத்து ஊர்.

மாமி படலையைத் திறந்துகொண்டு நின்றார். 'கேட்' என்று நாம் சொல்வதை அங்கே இன்னும் 'படலை' என்கிறார்கள். 78 வயது. நான் நினைவில் வைத்திருந்த உயரமான மாமி, என் தோளுக்கு வந்திருந்தார். "வாங்கோ தங்கச்சி, வாங்கோ" என்று அம்மாவின் கையைப் பிடித்தவர், வெகுநேரம் விடவில்லை. அம்மா "நல்லா இருக்கீங்களா அக்கா" என்று மட்டும் கேட்டார்.

உட்கார்ந்ததும் தேத்தண்ணி வந்தது. பால் இல்லாத, சாயம் நல்ல சிவப்பில் இருக்கும் பிளேன்டீ. சர்க்கரை போடாமல், ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு வாய் குடிக்க வேண்டும். கூடவே பனங்காய்ப் பணியாரம். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும் காலம். பழத்தைப் பிழிந்து எடுத்த களியில் மாவும் சர்க்கரையும் பிசைந்து, எண்ணெயில் கிள்ளிப் போட்டுப் பொரிக்கிறார்கள். வாசலில் நுழையும்போதே மணம் ஆளைத் தூக்குகிறது.

பழம் பிழிந்த கொட்டையையும் வீணாக்குவதில்லை. பாத்தி கட்டிப் புதைத்தால், தை மாசியில் கிழங்கு. கிழங்கைக் காயவைத்தால் ஒடியல். கிழங்கு எடுத்த பின் கொட்டைக்குள் இருக்கும் பூரான் பிள்ளைகளுக்கு. நம் ஊரில் தவண் என்போமே, அதுதான். மிஞ்சும் ஊமல் அடுப்புக்கு. நெல் அதிகம் விளையாத மண்ணில் இப்படித்தான் வயிறுகள் நிறைந்திருக்கின்றன.

இனிப்பிலும் ஒரு கூழ் உண்டு. ஆடி முதல் நாள் ஆடிப்பிறப்பு. அன்று அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்த்துக் காய்ச்சுவார்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) அதைப் பற்றிப் பாடிய பாட்டை அங்கே சிறு பிள்ளைகளும் பாடுகிறார்கள். ஆனால் யாழ்ப்பாணத்துக்காரர்கள் வெறுமனே 'கூழ்' என்றால் அது ஒடியல் கூழ்தான்.

"மாமா போனதுக்குப் பிறகு நான் காய்ச்சேல்லை. ஆர் குடிக்கிறது? ஒரு ஆளுக்குக் கூழ் காய்ச்சேலாது" என்றார் மாமி. மாமா காலமானது 2016-ல். மகன் பிரான்ஸில், மகள் கனடாவில். பெரிய பானை அட்டாலியில் கவிழ்ந்து கிடந்தது.

பாசையூரில் விடியல்

மறுநாள் விடியற்காலை பக்கத்து வீட்டுத் தம்பி ஓட்டோவில் எங்களைப் பாசையூருக்குக் கூட்டிப்போனார். படகுகள் வந்து ஒதுங்க, கரையிலேயே மீன் ஏலம் போகிறது. ஒட்டி, ஓரா, திரளி என்று எனக்குப் பழக்கமில்லாத பெயர்கள். ஆழமில்லாத களப்புக் கடலில் பிடிக்கும் சின்ன மீன்கள்தான் கூழுக்கு ருசி என்றார் தம்பி. பெரிய மீன் என்றால் அதன் தலை. நண்டு உயிரோடு கூடையில் ஊர்ந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்து, "திருச்சி நண்டை ஏன் அவ்வளவு திட்டினாங்கன்னு இப்பதான் புரியுது" என்றார். பயணம் கிளம்பியதிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

திரும்பி வந்தால் மாமி வீட்டு முற்றத்தில் கூட்டம். ஒருத்தர் தோட்டத்துப் பயித்தங்காய் கொண்டுவந்திருந்தார். ஒருத்தர் மரவள்ளிக்கிழங்கு. இன்னொரு வீட்டிலிருந்து, மணலில் புதைத்து வைத்திருந்த பலாக்கொட்டை. முருங்கை இலை உருவ இரண்டு சிறுமிகள். யாரும் அழைப்புக்காகக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. "மாமி வீட்டிலை கூழாம்" என்ற சொல் வேலிக்கு வேலி போயிருக்கிறது. எண்ணினால் பதினான்கு பேர்.

பானையில் விழுந்தவை

சமையல் பின்வளவில். மூன்று கல் வைத்து, காய்ந்த பொச்சும் பனங்கொக்கரையும் வைத்து அடுப்பு மூட்டினார்கள். வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக, எட்டுப் பேர் அளவுக்கு மாமி சொன்ன கணக்கைத் தருகிறேன்.

கால் கிலோ ஒடியல் மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து ஊறவிட வேண்டும். மாவு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட வேண்டும். இரண்டு மூன்று முறையாவது இப்படிச் செய்தால்தான் கசப்பும் காறலும் போகும். "இதிலை பஞ்சிப்பட்டா பானை முழுக்கக் கைக்கும்" என்றார் மாமி. பஞ்சி என்றால் சோம்பல்.

பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு கைப்பிடி அரிசி, தோல் நீக்கிய இருபது இருபத்தைந்து பலாக்கொட்டை, கால் கிலோ மரவள்ளித் துண்டுகள், நறுக்கிய பயித்தங்காய். இவை அரைவேக்காடு வெந்ததும் நண்டு, மீன் தலை, சின்ன மீன், இறால் எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்குக் குறையாமல். விருப்பம் இருந்தால் ஒரு பிடி நெத்தலிக் கருவாடு. பதினைந்து செத்தல் மிளகாயை மஞ்சள், நாலைந்து பூண்டுப் பல்லோடு அரைத்துக் கலக்க வேண்டும். செத்தல் என்றால் நம் காய்ந்த மிளகாய்தான். எலுமிச்சை அளவு புளியின் கரைசல், உப்பு.

எல்லாம் வெந்த பிறகுதான் மாவு. ஊறிய மாவைக் கரைத்து ஊற்றிக்கொண்டே அகப்பையால் துழாவ வேண்டும். நிறுத்தினால் கட்டி விழும், அடி பிடிக்கும். கடைசியாக முருங்கை இலை. தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக, பளபளவென்று வரும்போது இறக்கிவிடலாம்.

துழாவுகிற வேலையை அம்மா வாங்கிக்கொண்டார். மூட்டுவலிக்காரர் உட்காருங்கள் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு பேரும் அடுப்பருகே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். 1992-ல் கப்பலில் ஊர் திரும்பியது, 1995 அக்டோபர் 30 இரவு வலிகாமமே கிளம்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது இவர்களும் நடந்தது, அடுத்த வருஷம் திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லாதது. இவ்வளவையும் மாமி நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு, "உப்புப் பாருங்கோ தங்கச்சி" என்றார்.

பலா இலைக் கோப்பை

கூழ் குடிக்க டம்ளர் தரவில்லை. பலா இலையைக் கூம்பாகக் கோலி, ஈர்க்கால் குத்திக் கையில் கொடுத்தார்கள். சூடு கையில் ஏறாது, இலையின் மணம் மட்டும் கூழில் ஏறும். கடித்துக்கொள்ளத் தேங்காய்ச் சொட்டு. உறைப்பை அதுதான் ஆற்றும். நண்டுக் காலை உறிஞ்சும் சத்தம், மூக்கை இழுக்கும் சத்தம், "எனக்கு இன்னும் கொஞ்சம்" என்ற குரல்கள். என் தோழி ஸ்காபரோவிலிருந்து வீடியோவில் வந்து, பானையைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். அங்கே தமிழ்க் கடையில் ஒடியல் மா கிடைக்கிறதாம். ஐஸில் உறைந்த நண்டு வாங்கி, பனிக்காலத்தில் நண்பர்களைக் கூப்பிட்டு, காகிதக் கோப்பையில் குடிப்பார்களாம்.

அம்மா மட்டும் இலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமி.

"அக்கா, அன்னைக்கு நீங்க குடுத்தனுப்பின கூழை நாங்க குடிக்கலை. முருங்கை மரத்தடியில கொட்டிட்டேன்" என்றார் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை நடுங்கியது.

மாமி உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார்.

"தெரியும் தங்கச்சி. நான் மேல நிண்டு பாத்தனான்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அவர் காலி பண்ணச் சொன்னது எனக்குக் கோவம்தான். இப்பவும் நினைச்சா கோவம்தான். ரெண்டு கிழமையிலை பிள்ளையளைக் கொண்டு எங்கை போறது?" என்றார் மாமி. கொஞ்சம் நிறுத்தி, "ஆனா நீங்கள் அதைக் கொட்டேக்கை அழுதனீங்கள். அதையும் பாத்தனான். அண்டைக்கு எங்களுக்கும் கூழ் இறங்கேல்லை" என்றார்.

பிறகு அம்மாவின் கையிலிருந்த இலையைத் தொட்டுப் பார்த்தார். "குடியுங்கோ. ஆறினா மீன் மணக்கும்."

அம்மா குடித்தார். உறைப்பு என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, காலி இலையை அவரே பானைப் பக்கம் நீட்டினார். அந்த வீட்டில் அப்பாவைப் போல இரண்டாம் முறை கேட்க இப்போது அம்மாதான் இருந்தார்.

ஒரு கிலோ மாவு

அடுத்த இரண்டு நாளில் நல்லூர்க் கோயிலுக்குப் போனோம். 1981-ல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்தோம். கிளம்பும்போது மாமி ஒரு கிலோ ஒடியல் மாவைத் துணிப் பையில் கட்டிக் கொடுத்தார். நம் ஊரிலும் இப்போது பனங்கிழங்கு மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது. ஆனால் அவித்துக் காயவைத்ததா, பச்சையாகக் காயவைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். கூழுக்குப் பச்சைக் கிழங்கு மாவுதான். முடிந்தால் தை மாதம் மொட்டைமாடியில் நீங்களே காயவையுங்கள்.

விமானம் ஏறும்வரை அம்மா அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தார். பெல்ட் போட்டுக்கொண்டதும் என்னிடம் கேட்டார்.

"கால் கிலோவுக்கு எட்டுப் பேர்னா, ஒரு கிலோவுக்கு முப்பத்திரண்டு பேர். நம்ம அபார்ட்மென்ட்ல யார் யாருடி மீன் சாப்பிடுவாங்க?"